கேரவனும் ‘எர்த்’ கோளாறும்: திருவள்ளூர் வட்டார வாகன மின்தொழிலின் கதை

கேரவன் என்ற சொல் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இன்னொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் வீட்டைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது தானே ஓடும் வண்டியைக் குறிக்கிறது. பேருந்து, லாரி அல்லது வேனின் சேஸிஸ் மேல் படுக்கை, கழிப்பறை, கண்ணாடி மேசை, ஏ.சி. ஆகியவற்றை வைத்துக் கட்டிய வண்டியே இங்கே கேரவன். திரைப்பட நடிகர்களும், தேர்தல் காலத்தில் அரசியல் தலைவர்களும், அண்மைக்காலமாகச் சுற்றுலாப் பயணிகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பழைய கேரவன்களில் வரும் மின்கோளாறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். விளக்கு மங்கும், செல்ஃப் மோட்டார் முனகும், இரவில் நின்ற வண்டியின் பேட்டரி காலையில் இறங்கியிருக்கும், ஏறும்போது கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். மெக்கானிக்குகள் இவை எல்லாவற்றுக்கும் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “எர்த் சரியில்லை.” இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த வரலாறு பெருமளவு சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும், எண்ணூர் முதல் பாடி, ஆவடி, திருவள்ளூர் வரை நீளும் தொழிற்பகுதியில் நடந்தது.

எண்ணூரும் பாசிட்டிவ் எர்த்தும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வடக்குப் பகுதி 1997இல் திருவள்ளூர் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. எண்ணூரும் பாடியும் அப்போது அதில் இருந்தன. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தன. இன்றைய மாவட்ட எல்லையை மட்டும் பார்த்தால் இந்தத் தொழிலின் வரலாறு இரண்டாகத் துண்டுபட்டுத் தெரியும். தொழிலும் தொழிலாளர்களும் அந்த எல்லையைப் பார்த்து வளரவில்லை.

1948இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரையே அதற்கு வைத்தார். எண்ணூரில் 1949இல் ஆஸ்டின் ஏ40 கார்கள் உதிரிப் பாகங்களாக வந்து பூட்டப்பட்டன. பிறகு இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்டு என்றானது. காரை விட்டு லாரிக்கும் பேருந்துக்கும் நகர்ந்த நிறுவனம் அது. தமிழ்நாட்டின் பல கேரவன்களுக்கு அடியில் இருக்கும் சேஸிஸ் வகைகளின் மூதாதை அங்கேதான் உருவானது.

ஆஸ்டின் போன்ற அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியுடன் இணைக்கப்பட்டிருந்தது. வண்டியின் இரும்பு உடலையே திரும்பும் கம்பியாகப் பயன்படுத்தினால் பாதிக் கம்பி மிச்சம். அந்த உடலோடு எந்த முனையை இணைப்பது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தது. பாசிட்டிவை இணைத்தால் கம்பி முனைகளில் அரிப்பு குறையும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இத்தாலிய வழியில் வந்த ஃபியட் 1100 காரிலோ நெகட்டிவ் எர்த். அமெரிக்க வண்டிகளில் 1950களின் நடு வரை பெரும்பாலும் 6 வோல்ட்; அவற்றிலும் ஃபோர்டு பாசிட்டிவ் எர்த், செவர்லே நெகட்டிவ் எர்த். ஆக, ஒரே தெருவில் நிற்கும் மூன்று வண்டிகளில் ‘எர்த்’ மூன்று விதமாக இருக்கும்.

டைனமோ காலத்து வண்டி இந்தக் குழப்பத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. பேட்டரியை மாற்றிப் பூட்டினாலும் விளக்கு எரியும். செல்ஃப் மோட்டார் அதே திசையில்தான் சுற்றும், ஏனென்றால் அதன் ஆர்மேச்சரிலும் ஃபீல்டு காயிலிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்பிவிடுகிறது. அம்மீட்டர் முள் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். டைனமோவின் ஃபீல்டு கம்பியைப் பேட்டரியில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் அதுவும் புதிய திசைக்குப் பழகிவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஆல்டர்னேட்டரும் வந்த பிறகு இந்தப் பொறுமை போய்விட்டது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தைக் கடத்துபவை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அவை அந்தக் கணமே கருகும். 1960களின் நடுப்பகுதிக்குப் பின் பிரிட்டிஷ் வண்டிகளும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியதற்கு ஆல்டர்னேட்டரின் வருகை ஒரு முக்கியக் காரணம்.

பாடி

சென்னையில் பேருந்தில் பயணம் செய்பவர்களுக்கு ‘லூகாஸ்’ ஒரு நிறுத்தத்தின் பெயர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் விளக்கு செய்து விற்ற ஜோசப் லூகாஸின் பெயர் இப்படித் திருவலிதாயம் கோயிலுக்கு அருகில் வந்து நிலைத்தது விசித்திரம்தான். 1961இல் லூகாஸ் நிறுவனமும் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனமும் இணைந்து லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தை உருவாக்கின. பாடி ஆலையில் டைனமோ, செல்ஃப் மோட்டார், ரெகுலேட்டர், பின்னர் ஆல்டர்னேட்டர் ஆகியவை தயாராயின. அதே ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள், ஐந்தே ஆண்டுகளில், வாகனம் சார்ந்த இத்தனை ஆலைகள் எழுந்தன.

தொழில்பழகுநர் சட்டமும் 1961இல்தான் வந்தது. ஆலைகள் பயிற்சியாளர்களைச் சேர்த்துக்கொண்டன; பயிற்சி முடித்த எல்லோருக்கும் ஆலையிலேயே வேலை இருக்கவில்லை. அம்பத்தூர், செங்குன்றம், காரனோடை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை ‘ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்’ பலகை மாட்டிய சிறு கடைகள் பெருகியதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். ஆந்திரத்துக்குப் போகும் பெருவழியில் லாரிகள் இடைவிடாமல் ஓடின. 1971இல் தொடங்கிய சிப்காட், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு இரும்பு ஏற்றிய வண்டிகளும் கூடின. கடைக்காரருக்கு மூலதனம் குறைவு: ஒரு ஸ்டூல், சால்டரிங் அயர்ன், ஹைட்ரோமீட்டர், செம்புக் கம்பிச் சுருள், ஒரு டெஸ்ட் லாம்ப்.

டெஸ்ட் லாம்ப் என்பது பழைய வண்டி பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தது. பார்க்க ஏழ்மையான கருவி. ஆனால் எர்த் கோளாறைப் பிடிப்பதில் மின்னணு மல்டிமீட்டரை அது பல நேரம் வென்றுவிடுகிறது. மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும்; ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் கம்பியிலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். பல்பு தனக்கு வேண்டிய 1 அல்லது 2 ஆம்பியரைக் கேட்கும், கம்பியால் அதைத் தர முடியாவிட்டால் மங்கும். 10 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.1 ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். துருப்பிடித்த ஒரு போல்ட் அந்த 0.1 ஓமை எளிதில் தந்துவிடும்.

இங்கிலாந்து மோட்டார் ஆர்வலர்கள் ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வார்கள், விளக்கு அணைந்துபோகும் என்பதற்காக. அந்தக் கேலியில் நியாயம் குறைவு. அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மொத்தம் இரண்டே ஃபியூஸ். திரும்பும் பாதை முழுவதும் உடல் இரும்பு. ஈரமான நாட்டில் அந்த இரும்பு துருப்பிடித்ததற்கு டைனமோ பொறுப்பாகாது. லூகாஸ் வழியில் வந்த கம்பி நிற முறை பழுது பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டியாகவே இருந்தது. பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவி திருப்பினால் உயிர்பெறுவது வெள்ளை, அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் போவது பச்சை, தலைவிளக்குக்கு நீலம், பக்கவிளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. முதல் உரிமையாளரிடம் இருக்கும்வரைதான் இந்த ஒழுங்கு. ஐந்தாவது மெக்கானிக் கையில் கிடைத்த நிறத்தில் கம்பி இழுத்த பிறகு, சிவப்பு எர்த்தாகவும் கறுப்பு உயிர்க்கம்பியாகவும் இருக்கலாம். பழைய கேரவனில் நிறத்தை நம்பி வேலை செய்வது ஆபத்து.

எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையின் கதை இந்தத் தொழிலில் மறக்க முடியாதது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதை உடலோடு இணைக்கத் தடித்த செம்புப் பட்டை ஒன்று வேண்டும். அது அறுந்தால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். அப்போது ஆக்சிலரேட்டர் கேபிளே மின்கம்பியாக மாறும். ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கேபிள் சூடேறி, ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளும். உரிமையாளர் கேபிளை மாற்றுவார். புதியதும் அப்படியே ஆகும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் இரும்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் துரு சுரண்ட வேண்டியதுதான்.

இரண்டு பேட்டரிக்கு நடுவே

கனரக வண்டிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவை பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுகின்றன; இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஆனால் டேப் ரெக்கார்டர், மின்விசிறி, சீரியல் பல்பு, பிற்காலத்தில் செல்போன் சார்ஜர் எல்லாம் கார்களுக்காகச் செய்யப்பட்ட 12 வோல்ட் பொருட்கள். லாரி ஓட்டுநர்கள் இதற்கு மிகச் சுலபமான வழி ஒன்றைக் கண்டார்கள்: இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் கம்பியின் நடுவிலிருந்து ஒரு கம்பி எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடும்.

பாட்டு கேட்கும், விசிறி சுற்றும். கெடுதல் மெதுவாகத்தான் வரும். 5 ஆம்பியர் எடுக்கும் விசிறியும் விளக்கும் ஓர் இரவு 6 மணி நேரம் ஓடினால், எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர்-மணி போயிருக்கும். மேல் பேட்டரியில் ஒன்றும் குறைந்திருக்காது. காலையில் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும். அதற்குத் தெரிவது மொத்தமான 28 வோல்ட் மட்டுமே. நிறைந்திருக்கும் பேட்டரி மேலும் நிறைந்து கொதித்து நீரை இழக்கும். காலியானது ஒருபோதும் நிறையாது. சில மாதங்களில் இரண்டும் இரண்டு விதமாகச் சாகும். ஹைட்ரோமீட்டரில் ஒன்று 1.25க்கு அருகிலும் மற்றது 1.15க்குக் கீழேயும் காட்டினால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் குறை சொல்ல மாட்டார். நடுக்கம்பியைத்தான் தேடுவார்.

லாரி கேபினில் தூங்குபவரின் இந்தத் தேவையே கேரவனில் பெரிதாகிறது. பழைய பேருந்தை வாங்கிக் கேரவனாக மாற்றிய பல இடங்களில் இதே நடுக்கம்பி, இன்னும் தடிமனாக, படுக்கையறை விளக்கிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் போகிறது. இதற்குச் சரியான தீர்வுகள் உண்டு: 24 வோல்ட்டை 12ஆகக் குறைக்கும் மாற்றி, அல்லது வீட்டுப் பகுதிக்கென்று தனிப் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது மட்டும் அதை ஆல்டர்னேட்டருடன் சேர்க்கும் அமைப்பு. நடுக்கம்பிக்கு ஆகும் செலவோ சில மீட்டர் ஒயர் மட்டும்.

வீடு ஏறிய வண்டி

1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி.ராமராவ், பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு ஆந்திரம் முழுவதும் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா அதை ஓட்டினார். வண்டியின் கூரை மேடை, வண்டியே தங்குமிடம். 1983 ஜனவரித் தேர்தலில் அவர் வென்ற பிறகு பிரசார வண்டி தென்னிந்திய அரசியலின் நிலையான பொருளாயிற்று. திரைப்படத் துறையில் கேரவன் பரவலானது அதற்கும் பிந்தியது. மரத்தடியிலும் குடையின் கீழும் ஓய்வெடுத்தவர்கள் 2000க்குப் பிறகு கேரவனுக்குள் போனார்கள். பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பகுதிப் படப்பிடிப்புத் தளங்களில் அவை வரிசையாக நிற்பது இன்று வழக்கமான காட்சி.

இவ்வண்டிகளுக்கு ஏ.சி. வேண்டும். 1500 வாட் ஏ.சி.யை 12 வோல்ட்டில் ஓட்டினால் 125 ஆம்பியர் தேவை. 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் போதும். எனவே ஜெனரேட்டரோ, வெளியிலிருந்து இழுத்த வீட்டு மின்சாரமோ வண்டிக்குள் வந்தது. அத்துடன் ‘எர்த்’ என்ற சொல்லின் மூன்றாவது பொருளும் வந்தது.

வண்டி எலக்ட்ரீஷியனுக்கு எர்த் என்பது வேலை செய்யும் கம்பி. மின்சாரம் எப்போதும் அதன் வழியாகத் திரும்புகிறது. வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு எர்த் என்பது காவல் கம்பி. எல்லாம் சரியாக இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடவே கூடாது. முதலாமவர் 230 வோல்ட் வேலையைத் தமக்குத் தெரிந்தபடி செய்து, நியூட்ரலை வண்டியின் உடலோடு இணைத்துவிட்டால், வெளிப் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறும் நாளில் வண்டி முழுவதும் உயிர்க்கம்பியாகிவிடும். இரண்டாமவர் கேரவனில் வேலை செய்யும்போது அதிரும் தரைக்கும் உரசும் தகட்டுக்கும் நடுவே வீட்டுச் சுவரில் போடும் கெட்டிக் கம்பியைப் போடுகிறார். அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கி உறை தேய்ந்துபோகிறது.

ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கும் வண்டி தரையிலிருந்து பிரிந்திருக்கிறது. உடலில் 230 வோல்ட் ஏறியிருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு காலை ஈரத்தரையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஏறுபவருக்குத்தான் ஆபத்து. கேரவனுக்குள் இருப்பவர் நட்சத்திரமாக இருக்கலாம். தேநீர் எடுத்துக்கொண்டு மழையில் வெறுங்காலுடன் படியேறுபவர் தயாரிப்பு உதவியாளர். மூன்று முனைப் பிளக்கில் நீளமும் தடிமனும் கூடிய முனை எர்த்துக்கானது. மற்ற இரண்டுக்கு முன்பே அது தொட வேண்டும், கடைசியாக விடுபட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். இரண்டு முனை ஒயரை இழுத்து வேலையை முடிப்பவர்கள் அந்தக் காவலை முதலிலேயே அகற்றிவிடுகிறார்கள். சுரீரென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்ற புகார் வந்தால் வெளி இணைப்பைப் பிடுங்கிவிட்டு மெக்கர் வைத்து ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பழைய வண்டியிலும் பொருத்தக்கூடியதே. அது வேலை செய்ய ஜெனரேட்டரின் நியூட்ரலும் எர்த்தும் உரிய இடத்தில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலையைத் தகுதியுள்ளவர்தான் செய்ய வேண்டும்.

ஜெனரேட்டரில் மின்சாரம் அல்லாத ஆபத்தும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. பழைய வண்டியில் மின்கம்பி இழுக்கத் தரையில் துளை போட்டு, கம்பியை மாற்றிய பிறகு துளையை அடைக்காமல் விடுவது சாதாரணம். மின்கோளாறு பார்க்கப் போகும் எலக்ட்ரீஷியன் அந்தத் துளைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உப்பும் வெள்ளமும்

எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. செம்பு முனைகளில் பச்சை பூப்பதும், கிரிம்ப் செய்த இணைப்புக்குள் கறுப்பு ஏறுவதும் இங்கே விரைவாக நடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் மூழ்கிய வண்டிகள் இன்னொரு வகைக் கோளாறைக் கொண்டுவந்தன. தண்ணீர் வடிந்ததும் ஓடிய வண்டி, ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு விளக்காக இழந்தது. பல இழைகள் கொண்ட கம்பியின் உறைக்குள் நீர் தந்துகிக் கவர்ச்சியால் நெடுந்தூரம் ஏறும். வெளியே புதிதாகத் தெரியும் ஒயரை வெட்டினால் உள்ளே கறுப்புப் பொடி கொட்டும். அப்போது இணைப்பைச் சுரண்டிப் பயனில்லை; அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

1998இல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. எண்ணூரில் ஆஸ்டின் பூட்டிய ஆண்டிலிருந்து 49 ஆண்டுகள். அதில் எரிபொருளைக் கணினி அளந்து கொடுத்தது; எர்த்தில் இழக்கும் அரை வோல்ட் விளக்கை மங்கச் செய்வதோடு நிற்காமல், சென்சாரின் கணக்கையே பொய்யாக்கியது. சாலையோரக் கடைகளில் சிலர் ஸ்கேனர் வாங்கினார்கள், சிலர் பழைய லாரிகளோடு நின்றார்கள். இத்தகைய வண்டிகளில் பழைய டெஸ்ட் லாம்பைக் கண்ட இடத்தில் தொட்டால் கணினியே கெட்டுவிடும் என்பதால், உயிர்பிழைத்த கடைகளில் பல்பும் மீட்டரும் அருகருகே தொங்குகின்றன.

மோட்டார் கேரவன்களுக்கென்று இந்தியாவில் ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இப்போது இருக்கிறது. புதிதாக ஒப்புதல் பெறும் வண்டிகள் அதன்படி சோதிக்கப்படுகின்றன. அதற்கு முன்பே பட்டறைகளில் கட்டப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கேரவன்களுக்கு வரைபடம் கிடையாது. அவற்றில் வேலையை எடுக்கும் எலக்ட்ரீஷியன் முதலில் வெளி மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி, அந்த இடைவெளியில் டெஸ்ட் லாம்பை மாட்டுகிறார். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் பல்பு எரிந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போகிறார். எதைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறதோ, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிறார்.